கத்தாத கம்ப்யூட்டர் ஒண்ணு, 30 ஆயிரத்துக்குள்ள, நாமளே கோர்க்கலாம்

செங்கோட்டையில ஜூன் மாசம் சாரல் விழ ஆரம்பிச்சாச்சுன்னா ராத்திரி யாரும் ஃபேன் போட மாட்டோம். வினையே அங்கதான். மத்த ஊர்ல சீலிங் ஃபேன் சத்தத்துல கம்ப்யூட்டர் சத்தம் அமுங்கிப் போயிரும். எங்க வீட்ல இருக்கது ஒரே ஹாலு, ஒரு ஓரத்துல அப்பா படுத்திருப்பாவ, இன்னொரு ஓரத்துல நான் ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆன்லைன்ல கணக்கு எடுப்பேன், நடுவுல என் பழைய பெட்டி மாவு மில்லு மாதிரி ஓடிக்கிட்டு கிடக்கும். ஒரு நாள் ஒரு பையன் "சார், உங்க ஊர்ல பயங்கர மழையா"ன்னு கேக்கான். அன்னைக்கு ஒரு பொட்டு மழை இல்ல.

அதுக்கப்புறம் 2023ல புதுசா ஒண்ணு கோர்த்தேன். மொத்தம் 30 ஆயிரத்துக்குக் கொஞ்சம் உள்ள. முத தடவை சொதப்பி, ரெண்டாவது தடவைதான் சத்தம் அடங்குச்சு. ஸ்க்ரூ எப்படி முடுக்கணும், பவர் பட்டன் வயரை எங்க சொருகணும்னெல்லாம் நான் எழுதப் போறதில்ல, மதர்போர்டு கூட வர்ற புக்குலயே படம் போட்டிருக்கான். எதை வாங்கணும், வாங்கும்போது எதைப் பாக்கணும், அது மட்டும்தான் இங்க.

1. புராசசர்

கேம் விளையாட மாட்டேன், வீடியோ எடிட்டிங் எப்பவாவதுதான்னு சொல்றவங்க தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கவே வேண்டாம். காசு மிச்சம்ங்கறது ஒரு பக்கம், அதுல இருக்க ரெண்டு ஃபேனும் மிச்சம். அப்போ உள்ளேயே கிராபிக்ஸ் இருக்க புராசசர் வேணும். நான் எடுத்தது ரைசன் 5 5600ஜி. 6 கோர், 12 த்ரெட், 65 வாட். இன்டெல்தான் பிடிக்கும்னா கோர் ஐ3-12100 போதும், ஆனா கடைசியில "எஃப்"ங்கற எழுத்து இருந்தா எடுத்துராதீங்க. கொஞ்சம் விலை கம்மியா இருக்கும், கடைக்காரரும் "அதே சாதனம்தான் தம்பி"ம்பாரு, வீட்டுக்கு வந்து மானிட்டரை மாட்டினா கருப்பு ஸ்க்ரீன்தான், ஏன்னா எஃப் போட்டதுல கிராபிக்ஸ் கிடையாது. ரைசன்ல இது அப்படியே தலைகீழு, 5600ன்னு மொட்டையா இருந்தா கிராபிக்ஸ் இல்ல, பின்னாடி ஜி இருந்தாதான் உண்டு.

2. போர்டு

5600ஜிக்கு ஏஎம்4 சாக்கெட் (போர்டுல புராசசர் உக்கார்ற இடம்) வேணும். பி450 போர்டு போதும், பி550 இன்னும் நல்லது. பழைய ஸ்டாக் பி450ல பயாஸ் (போர்டுக்குள்ளேயே இருக்க, சுவிட்சைப் போட்டதும் மொதல்ல ஓடுற சாப்ட்வேர்) அப்டேட் ஆகலைன்னா இந்த புராசசரை அதுக்கு அடையாளமே தெரியாது. அட்டைப்பெட்டி மேல ரைசன் 5000 ரெடின்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்னு பாத்து வாங்குங்க. அதை விட முக்கியம், போர்டுல ஃபேன் மாட்டுற பின் எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. சிபியூ (புராசசர்) ஃபேனுக்கு ஒண்ணு போக இன்னும் குறைஞ்சது ரெண்டு இருக்கணும். ஏன்னு அஞ்சாவதுல சொல்றேன்.

3. ராம், எஸ்எஸ்டி

16 ஜிபி ஒத்தையா வாங்காதீங்க, 8 ஜிபி ரெண்டா வாங்குங்க. கிராபிக்ஸும் இதே ராமைத்தான் பங்கு போடுது, ரெண்டு குச்சி இருந்தா ரெண்டு வழியில டேட்டா ஓடும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ராம் வகை டிடிஆர்4, வேகம் 3200.

ஹார்ட் டிஸ்க் வேண்டவே வேண்டாம். நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்துற சாமானை மர டேபிள் மேல வச்சா டேபிளே வீணைக்குடம் மாதிரி அதிரும். எம்.2 எஸ்எஸ்டி (சுத்துற பாகமே இல்லாம, போர்டு மேலயே மாட்டுற சின்னத் துண்டு) 500 ஜிபி போதும், பழைய போட்டோ சினிமாவெல்லாம் வெளி டிஸ்க்ல போட்டு தேவைப்பட்டப்ப மட்டும் சொருகிக்கலாம். எம்.2 மாட்டுற ஸ்க்ரூ கடுகு மாதிரி இருக்கும், கீழ ஒரு வெள்ளைத் துண்டை விரிச்சுக்கிட்டு வேலை பாருங்க. என்னோடது ஒண்ணு இன்னும் வீட்டுக்குள்ளதான் எங்கேயோ கிடக்கு.

4. எஸ்எம்பிஎஸ்

கரண்டை மாத்தி உள்ள எல்லாத்துக்கும் குடுக்கிற பவர் சப்ளைதான் இது. இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கேபினெட் கூட இலவசமா வர்ற எஸ்எம்பிஎஸ்ல பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் சின்ன ஃபேன்தான் இருக்கும், சின்ன ஃபேன் அதே காத்தைத் தள்ளணும்னா வேகமா சுத்தணும், வேகமா சுத்தினா கீச்சு கீச்சுன்னுதான் இருக்கும். 120 மில்லிமீட்டர் ஃபேன், 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (வெண்கல) முத்திரை, அதாவது கரண்டை அதிகம் வீணாக்காதுங்கற சான்று, 450 வாட். நான் போட்டது கோர்சேர் சிவி450. நம்ம பெட்டி முக்கி முக்கி வேலை செஞ்சாலும் 150 வாட்டைத் தொடாது, அதனால எஸ்எம்பிஎஸ் சூடாகாம மெதுவா சுத்திக்கிட்டு இருக்கும். 750 வாட்டெல்லாம் வாங்கச் சொல்றவன் பேச்சைக் கேக்காதீங்க.

5. கேபினெட், ஃபேன்: நான் விழுந்த குழி

கேபினெட்டைக் கொல்லத்துல வாங்கினேன். ஆரியங்காவு, தென்மலை, புனலூர்னு பஸ்ல மலை இறங்கிப் போனேன், பதிமூணு கண்ணுப் பாலத்தை ஜன்னல்ல பாத்துக்கிட்டே. கடைச் சேட்டன் கண்ணாடி வச்ச பெட்டி ஒண்ணைக் காட்டி, "மோனே, நாலு ஃபேன் உண்டு, நாலும் நல்லா கத்தும்"ன்னாரு. மலையாளத்துல கத்தும்னா லைட்டு எரியும்னு அர்த்தம், எங்க ஊர்ல பச்சப்புள்ளைக்கும் தெரியும். ஆகா, கலர் கலரா எரியுமேன்னு தூக்கிட்டு வந்துட்டேன். வீட்ல சுவிட்சைப் போட்டதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது, மனுசன் தமிழ்லயும் சரியாத்தான் சொல்லியிருக்காருன்னு.

ரெண்டு வாரம் என்னென்னமோ பண்ணினேன். பயாஸ்ல போயி ஃபேன் ஸ்பீடைக் குறைச்சேன், ஒண்ணும் ஆகல. சாப்ட்வேர் போட்டேன், அதுல கேபினெட் ஃபேனே காட்டல. புராசசர் கூலர்லதான் குறைன்னு நெனச்சு அதைக் கழட்டப் போயி, சூடு பண்ணாம அப்படியே இழுத்ததுல நடுவுல தடவின, சூட்டைக் கடத்துற பேஸ்ட்டு பிடிச்சுக்கிட்டு புராசசரே சாக்கெட்டை விட்டுக் கையோட வந்துருச்சு. நல்லவேளை பின்னு ஒண்ணும் வளையல. ஏஎம்4ல கூலர் கழட்டணும்னா அஞ்சு நிமிஷம் பெட்டியை ஓடவிட்டு ஆஃப் பண்ணி, லேசா இடமும் வலமும் திருகிட்டுத் தூக்குங்க.

கடைசியில வயரைப் பாத்தேன். நாலு ஃபேனோட வயரும் போர்டுக்கே போகல! எல்லாம் சேந்து எஸ்எம்பிஎஸ்ல வர்ற அந்தப் பெரிய வெள்ளை மோலெக்ஸ் சாக்கெட்டுல சொருகியிருக்கு. மோலெக்ஸ்ல நேரா 12 வோல்ட்டு, எப்பவும் முழு வேகம், போர்டுக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, பயாஸ்ல தலைகீழா நின்னாலும் குறையாது.

அதனால கடையில ஃபேனோட கலரைப் பாக்காதீங்க, வயர் நுனியைப் பாருங்க. சின்ன கனெக்டர்ல நாலு ஓட்டை இருந்தா அது பிடபிள்யூஎம் ஃபேன். ஒண்ணு கிரவுண்டு, ஒண்ணு 12 வோல்ட்டு, ஒண்ணு "நான் இவ்ளோ வேகத்துல சுத்துறேன்"னு போர்டுக்குச் சொல்றது, நாலாவது "இவ்ளோ சுத்து போதும்"னு போர்டு திருப்பிச் சொல்றது. மூணு ஓட்டைன்னா அந்த நாலாவது கிடையாது, ஆனா வோல்ட்டைக் குறைச்சு அடக்கலாம், சமாளிக்கலாம். மோலெக்ஸ் மட்டும்னா பெட்டியை வாங்கினாலும் ஃபேனைக் கழட்டி ஓரமா வச்சிருங்க.

நான் அதைத்தான் செஞ்சேன். அடுத்த மாசம் பொதிகை ரயில்ல மெட்ராஸ் போன ஜோலியோட ரிச்சி ஸ்ட்ரீட்ல ஆர்க்டிக் பி12 பிடபிள்யூஎம் ரெண்டு வாங்கினேன், 120 மில்லிமீட்டர். முன்னாடி ஒண்ணு காத்தை இழுக்க, பின்னாடி ஒண்ணு வெளிய தள்ள. நாலு போன இடத்துல ரெண்டு, லைட்டும் இல்ல, பாக்க ஈயச்சட்டி மாதிரி இருக்கு. இருக்கட்டுமே. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினா காத்தும் பாதியாகும், சத்தமோ 15 டெசிபல் கிட்ட இறங்கிரும், 10 இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாத்தான் கேக்கும். பெரிய ஃபேனை மெதுவா சுத்தவிடு, இதுக்கு மேல இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. முன்பக்கம் கண்ணாடி அடைச்ச கேபினெட்டும் வேண்டாம், வலை போட்டது வாங்குங்க, காத்து தாராளமா வந்தாதான் ஃபேன் மெதுவா சுத்த முடியும்.

6. பயாஸ்

ஃபேன் கர்வுன்னு, எவ்ளோ சூட்டுக்கு ஃபேன் எவ்ளோ வேகம்னு சொல்ற ஒரு கிராஃப் இருக்கும், ஒவ்வொரு கம்பெனி போர்டுலயும் ஒவ்வொரு பேரு. நான் வச்சிருக்கது: 40 டிகிரிக்கு 25 சதவீதம், 60க்கு 40, 75க்கு 70, 85ல முழுசு. சூடு ஒரு செகண்ட் ஏறி இறங்குறதுக்கெல்லாம் ஃபேன் உறுமி உறுமி அடங்கும், தொடர்ந்து ஒரே சத்தமா இருந்தாக்கூட தூங்கிரலாம், இந்த உறுமல்தான் அப்பாவை எழுப்பிவிடும். வேகம் ஏற எவ்ளோ நேரம் எடுக்கணும்னு ஒரு செட்டிங் பக்கத்துலயே இருக்கும், இருக்கதுலயே பெரிய எண்ணை வைங்க.

5600ஜியை 45 வாட்டுக்கு அடக்கவும் பயாஸ்ல வழி இருக்கு, நான் அடக்கியிருக்கேன். கணக்கு வகுப்புக்கும் ப்ரவுசருக்கும் வித்தியாசமே தெரியல. கூட வர்ற கூலரே போதுமானதா ஆயிருச்சு, தனிக் கூலர் காசும் மிச்சம்.

பின்னால சேத்தது

ஒருத்தர் "மூணு பின் ஃபேனை போர்டுலதான் மாட்டினேன், அப்பவும் கத்துது"ன்னு எழுதியிருந்தாரு. அந்தப் பின்னு பிடபிள்யூஎம் மோடுல இருக்கும், பயாஸ்ல டிசி மோடுக்கு (வோல்ட்டைக் குறைச்சு அடக்குறது) மாத்துங்க. மாத்தினாரு, அடங்கிருச்சாம்.

பாலக்காட்டுல இருந்து ஒரு அக்கா கேட்டாங்க, 16 ஜிபி போட்டும் 13.9தான் காட்டுது, கடைக்காரன் ஏமாத்திட்டானான்னு. இல்லக்கா, கிராபிக்ஸுக்கு 2 ஜிபி ஒதுக்கியாச்சு, பயாஸ்ல 512 எம்பின்னு குறைச்சுக்கலாம்.

நான் சொன்ன 30 ஆயிரம் 2023 கணக்கு. 2025 கடைசியில ராம் விலை கண்ணை மூடிக்கிட்டு ஏறிருச்சு, ராமையும் எஸ்எஸ்டியையும் மொதல்ல விசாரிச்சுட்டு மத்ததுக்குக் காசை ஒதுக்குங்க. பழைய கம்ப்யூட்டர்ல டிடிஆர்4 பெரிய குச்சி இருந்தா கழட்டி மாட்டிக்கலாம். லேப்டாப் குச்சி உள்ள போகாது, அது நீளம் கம்மி.

எஸ்எம்பிஎஸ்குள்ள பல்லி பூந்திருச்சுன்னு ரெண்டு பேரு சொல்லியாச்சு. சாரல் காலத்துல உள்ள கதகதப்பா இருக்கும்ல, வரத்தான் செய்யும். கேபினெட் பின்னாடி காலியா இருக்க ஸ்லாட்டுக்கெல்லாம் தகடு போட்டு மூடுங்க. உள்ள போனதை எடுக்கேன்னு எஸ்எம்பிஎஸை மட்டும் திறந்துராதீங்க, ப்ளக்கைப் பிடுங்கினதுக்கு அப்புறமும் கெபாசிட்டர்ல கரண்டு நின்னுக்கிட்டு இருக்கும், சர்வீஸ் கடையில குடுத்துருங்க.