ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்: பிளேயர்கள் சொல்வதை எப்படிப் படிப்பது, எதை நம்புவது

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமை விளையாடலாமா என்று தேடிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் குழம்பிவிடுவீர்கள். ஒருவர் இதைவிட நல்ல கேம் உலகத்தில் இல்லை என்பார். இன்னொருவர் இது கேமே இல்லை, சம்பளம் இல்லாத வேலை என்பார். மூன்றாவது ஆள் கேம் செத்து ரொம்ப நாளாகிறது என்று எழுதியிருப்பார். மூன்று பேருமே மனதில் பட்டதைத்தான் சொல்கிறார்கள். எங்கள் கிளானில் (சேர்ந்து விளையாடும் குழுவில்) புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது என் பொறுப்பு. வருகிறவர்கள் எல்லோரும் எங்கேயோ படித்த ஒரு கருத்தோடுதான் வருகிறார்கள். அந்தக் கருத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், சொல்கிறவர் எந்த வகைக் கணக்கில் விளையாடுகிறார் என்று பாருங்கள். இது தெரியாமல் எந்தக் கருத்தையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர் மற்ற பிளேயர்களிடம் எதையும் வாங்கலாம், விற்கலாம். 2014-இல் வந்த அயர்ன்மேன் கணக்கில் அது முடியாது. வேண்டியதையெல்லாம் தானே அடித்து, தானே செய்து சேர்க்க வேண்டும். ஹார்டுகோர் அயர்ன்மேன் ஒருமுறை செத்தால் அந்தப் பட்டம் போய்விடும். அல்டிமேட் அயர்ன்மேனுக்குப் பேங்கே கிடையாது. இவர்கள் எல்லோரும் ஒரே உலகத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று மரம் வெட்டுகிறார்கள், ஆனால் விளையாடுவது வேறு வேறு கேம். "ஒரு சவுக்குக்காக மாதக்கணக்கில் அலைந்தேன்" என்று ஒருவர் அந்த ஆயுதத்துக்காகப் புலம்பினால் அவர் அநேகமாக அயர்ன்மேன். சாதாரணக் கணக்கில் அதே சவுக்கை, கையில் கேம் காசிருந்தால், பிளேயர்கள் வாங்கி விற்கும் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் சில நிமிடத்தில் வாங்கிவிடலாம்.

நானும் அயர்ன்மேன்தான். அதனால் நான் சொல்வதையும் அந்தக் கணக்கில் வைத்தே படியுங்கள்.

அடுத்து, அவர் காசு கட்டி விளையாடினாரா, இலவசமாகவா? சுலபமாகத் தவறிப்போகும் விஷயம் இது. மீன் பிடிப்பது, மரம் வெட்டுவது மாதிரி மொத்தம் 24 ஸ்கில்லில் 15-ஐத்தான் இலவசமாகத் தொட முடியும். உலகத்தின் பெரும்பகுதியும் நல்ல குவெஸ்டுகளில் (கதைப் பணிகளில்) பலவும் காசு கட்டிய மெம்பர்களுக்குத்தான். லம்பிரிட்ஜ், வாராக், ஃபாலடோர் என்ற இலவச ஊர்களைச் சுற்றிவிட்டு "கேமில் ஒன்றுமே இல்லை" என்று எழுதுகிறவர் பார்த்த வரைக்கும் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் அவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுக்கு விமர்சனம் எழுதுகிறார்.

அப்புறம் லெவல். "கடைசிக் கட்டம் தாங்கவே முடியாது" என்றோ, "சீக்கிரம் முடிந்துவிடுகிறது" என்றோ யாராவது எழுதினால் அவர் எந்த லெவலில் இருக்கிறார் என்று தேடுங்கள். ஒரு ஸ்கில்லில் உச்ச லெவலான 99-ஐத் தொட 1,30,34,431 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வேண்டும். இதில் பாதி எங்கே வரும்? 92-ஆவது லெவலில். அதாவது ஒன்றிலிருந்து 92 வரை உழைத்த அளவை, மிச்சமிருக்கும் ஏழு லெவலுக்காக இன்னொருமுறை உழைக்க வேண்டும். 50, 60 லெவலில் இருப்பவருக்கு நாளுக்கு நாள் முன்னேற்றம் கண்ணில் படும், அவர் கேமைக் கொண்டாடுவார். 90-இல் இருப்பவருக்கு ஒரு லெவலுக்கே நாட்கணக்கு ஆகும், அவர் சலித்துக்கொள்வார். நீங்கள் எதுவரை போக நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து யார் பேச்சைக் கேட்பது என்று முடிவு செய்யுங்கள். 99 என்பது கட்டாயமே இல்லை. 70-களிலேயே பெரும்பாலான கதவுகள் திறந்துவிடும்.

இப்போது டிராப், அதாவது அடித்த அரக்கனிடமிருந்து விழும் பொருள், பற்றிய புகார்கள். இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கேமைப் பற்றி எழுதப்படும் கோபத்தில் பெரிய பங்கு இங்கேதான் பிறக்கிறது. போன வாரம்கூடக் கிளானில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, இந்த கேம்ல ட்ராப்பையெல்லாம் ஏமாத்துறாங்களாமே, ஒருத்தர் ஆயிரம் அபிஸல் டீமன் அடிச்சும் விப் விழலையாமே?"

கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஸ்லேயர் என்ற ஸ்கில்லில் லெவல் 85 வந்தால்தான் அபிஸல் டீமன் என்ற அரக்கனை அடிக்கவே முடியும். அதிலிருந்து சவுக்கு (விப்) விழும் வாய்ப்பு 512-க்கு 1. 512 டீமனை அடித்தால் ஒன்று நிச்சயம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஒவ்வொரு டீமனும் புதுக் கணக்கு. முன்பு அடித்தது எதையும் கேம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. 512 அடித்த பிறகும் நூறு பேரில் சுமார் 37 பேர் வெறுங்கையோடு இருப்பார்கள். 1,024 அடித்த பிறகு 13, 14 பேர். 1,536 அடித்த பிறகும் ஐந்து பேருக்கு விழுந்திருக்காது. லட்சக்கணக்கானவர்கள் விளையாடும் கேமில் அந்த ஐந்து சதவீதம் என்பதே ஒரு பெரிய கூட்டம். முப்பதாவது டீமனிலேயே சவுக்கு கிடைத்தவர் சிரித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். உட்கார்ந்து நான்கு பத்தி எழுதுகிறவர் இந்த ஐந்து பேரில் ஒருவர். அவர் வருத்தம் முழுக்க உண்மை, அவர் மேல் எனக்கு மரியாதையும் உண்டு. ஆனால் அதை வைத்து டிராப்பில் மோசடி என்று முடிவு கட்டக் கூடாது.

எந்த டிராப் புகாரைப் படித்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1-இலிருந்து டிராப் வாய்ப்பைக் கழியுங்கள். வந்த எண்ணை, எத்தனை முறை அடித்தாரோ அத்தனை முறை தன்னோடு பெருக்குங்கள். போனில் இருக்கும் கால்குலேட்டரே போதும். விடை 0.05-க்கு மேல் என்றால் அது இந்தக் கேமில் தினமும் நடக்கிற சங்கதி.

கேம் விற்கும் தளமான ஸ்டீமில் விமர்சனம் படிக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஒவ்வொரு விமர்சனத்துக்கும் மேலே, எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்று இருக்கும். மற்ற கேம்களுக்கு அது நல்ல அளவுகோல். இந்தக் கேமுக்கு அதை அப்படியே நம்ப முடியாது. இது ஸ்டீமுக்கு வந்ததே 2021 பிப்ரவரியில்தான்; கேம் தொடங்கியது 2013-இல். இன்றும் ஏராளமானவர்கள் ரூன்லைட் என்ற வேறொரு மென்பொருள் வழியாகவோ போனிலோ விளையாடுகிறார்கள். அந்த மணிநேரம் எதுவும் ஸ்டீம் கணக்கில் ஏறாது. மூன்று மணி நேரம் என்று காட்டும் ஒருவர் பத்து வருடப் பழக்கம் உள்ளவராக இருக்கலாம். ஆகவே எண்ணை விட்டுவிட்டு எழுத்தைப் பாருங்கள். குவெஸ்ட் பெயர், பாஸ் (பெரிய எதிரி) பெயர், தான் எங்கே சிக்கிக்கொண்டார் என்பதைச் சொல்லி எழுதியிருந்தால் விளையாடியிருக்கிறார். "போர்", "சூப்பர்" என்று ஒற்றை வரி எழுதியிருந்தால் தாண்டிப் போங்கள்.

"கேம் செத்துவிட்டது" என்ற பேச்சுக்கும் இதே காரணத்தால் ஸ்டீம் எண்ணிக்கையைக் கொண்டு பதில் தேடாதீர்கள். கேமைத் திறந்து வேர்ல்டு (சர்வர்) பட்டியலைப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று அங்கேயே இருக்கிறது. அதில் ஆளில்லாமல் தானாக விளையாடும் பாட் (bot) கணக்குகளும் கலந்திருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். நீங்கள் விளையாடப்போகிற நேரத்தில் பாருங்கள், அது முக்கியம்.

லேக் (இணையத் தாமதம்) பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்வதையெல்லாம் சர்வர் 0.6 விநாடிக்கு ஒருமுறைதான் கணக்கில் எடுக்கிறது. அதனால் மீன் பிடிக்க, மரம் வெட்ட, குவெஸ்ட் செய்ய நம் ஊரிலிருந்து வரும் பிங் (சர்வருக்குப் போய்வரும் நேரம்) பெரிய தொல்லை இல்லை. இன்ஃபெர்னோ மாதிரி கடினமான சண்டை இடங்களில், அந்த 0.6 விநாடிக்குள் பிரேயரை (பாதுகாப்பு தரும் சக்தியை) மாற்ற வேண்டிய இடங்களில், அது வலிக்கும். லேக் பற்றிய கருத்தைப் படிக்கும்போது எழுதியவர் எந்த நாட்டில் இருக்கிறார், என்ன செய்துகொண்டிருந்தார் என்ற இரண்டையும் பாருங்கள். ரூன்லைட்டில் ஒவ்வொரு வேர்ல்டுக்கும் பிங் காட்டும் வசதி இருக்கிறது. மற்றவர் கருத்தைத் தேடுவதைவிட அதை ஒருமுறை பார்ப்பது நல்லது.

தேதியையும் பார்க்க வேண்டும். எந்த அப்டேட் வந்தாலும் முதல் நாள் கோபமோ கொண்டாட்டமோ உச்சத்தில் இருக்கும். சில வாரம் கழித்து எழுதப்பட்டதைத் தேடிப் படியுங்கள். கிராண்ட் எக்ஸ்சேஞ்சையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓல்டு ஸ்கூல் என்பது மூல ரூன்ஸ்கேப்பின் 2007 ஆகஸ்ட் மாதத்துப் பழைய பதிவிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த வடிவத்தில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் கிடையாது, ஆளைத் தேடிப் பிடித்துத்தான் வியாபாரம். 2015-இல் அதைக் கொண்டுவந்தபோது பழைய கேமின் உயிரே போய்விடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்பவரைப் பார்ப்பது அபூர்வம். அந்த உயிரை அப்படியே காப்பாற்ற நினைப்பவர்கள் அயர்ன்மேனாக விளையாடிக்கொள்கிறார்கள்.

சத்தம் எப்போதும் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். 2012 நவம்பரில் ரூன்ஸ்கேப்பின் சண்டை முறையையே மாற்றியபோது எழுந்த கோபம் உண்மையான கோபம். பிளேயர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். அடுத்த பிப்ரவரியில் பழைய வடிவம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள், 4,49,000-க்கும் மேல் வோட்டு விழுந்தது. நாம் இன்று விளையாடும் கேம் அப்படி வந்ததுதான். 2021 செப்டம்பரில் ரூன்லைட்டுக்காக ஒருவர் பல காலம் உழைத்துச் செய்த எச்டி பிளகினை (காட்சிகளை மெருகேற்றும் இணைப்பை), வெளிவரும் தருணத்தில் கேமை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுத்தச் சொன்னது. பிளேயர்கள் கேமுக்குள்ளேயே திரண்டு போராடினார்கள். சில நாளில் நிறுவனம் அவரோடு பேசி வழிவிட்டது. பல வகைக் கணக்குக்காரர்களும் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதைக் கவனியுங்கள். அதில் அநேகமாக ஏதோ இருக்கிறது.

சரி, எல்லாவற்றையும்விட நம்பகமான கருத்து எங்கே கிடைக்கும் என்றால், வாக்கெடுப்பு முடிவுகளில். பெரிய மாற்றங்களைப் பெரும்பாலும் மெம்பர்களிடம் வோட்டுக்கு விடுவது இந்தக் கேமின் வழக்கம். கேமுக்குள்ளேயே அதற்கென்று பூத் இருக்கிறது, பழைய முடிவுகளையும் படிக்கலாம். ஆனால் அந்த எண்களைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. ஆரம்பத்தில் 75 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் கேமுக்குள் வரும். 2019-இல் வார்டிங் என்ற புது ஸ்கில் தோற்றது. "பிளேயர்கள் வார்டிங்கை வெறுத்தார்கள்" என்று இன்றும் எழுதுகிறார்கள். உண்மையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டும் என்றே போட்டிருந்தார்கள்! வரம்பு 75 என்பதால் தோற்றது. 2022-இல் வரம்பை 70 ஆக்கினார்கள். அதன் பிறகு வோட்டில் ஜெயித்து 2025 நவம்பரில் வந்ததுதான் செய்லிங், இந்தக் கேமின் முதல் புது ஸ்கில். ஆக, "தோற்றது" என்று படித்தால் எத்தனை சதவீதத்தில் என்று பாருங்கள். 40-இல் தோற்பதும் 68-இல் தோற்பதும் ஒன்றல்ல. இன்னொன்று, வோட்டு போடுகிறவர்கள் இன்றைக்குக் காசு கட்டி விளையாடுகிறவர்கள் மட்டுமே. விட்டுவிட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள் என்று பூத்தில் தெரியாது. அதற்கு அவர்கள் எழுதியதைத்தான் தேட வேண்டும். போகும்போது பொறுமையாகக் காரணம் எழுதிவிட்டுப் போனவரின் கருத்து எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை.

கடைசியாக, நீங்களும் எழுதுங்கள். நம் மொழியில் இந்தக் கேமைப் பற்றிப் படிக்கக் கிடைப்பது ரொம்பக் குறைவு, இது எனக்கு உண்மையாகவே வருத்தம். எழுதும்போது முதல் வரியிலேயே கணக்கு வகை, மொத்த லெவல், போனிலா கணினியிலா, மெம்பரா இலவசமா என்று சொல்லிவிடுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடிகிறது என்பதையும் சொல்லுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டு ராத்திரி ஒரு மணி நேரம் விளையாடுகிறவரின் அனுபவம், அதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்குத்தான் உதவும். பிடிக்காததைச் சொல்லும்போது எந்த இடம், எந்தக் குவெஸ்ட், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதுங்கள். மெம்பர்ஷிப் எடுத்திருந்தால் வோட்டும் போடுங்கள். தெரியாத கேள்வி வந்தால் அதைத் தாண்டிச் செல்ல வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். நீங்கள் போகவே போகாத இடத்தைப் பற்றிய கேள்விக்குச் சும்மா ஒரு "வேண்டாம்" போட்டால், அங்கேயே வாழ்கிற ஒரு கூட்டத்தின் கேம் மாறாமல் நின்றுவிடுகிறது.