எடை குறைய முதலில் தூங்குங்கள்

இரவு 11.30 மணிக்கு மிக்சர் டப்பாவைத் தேடுவது பெரும்பாலும் வயிறு அல்ல, தூக்கம் கெட்ட மூளைதான். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடும், ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும். ஆசையை அடக்கும் நெற்றிப் பக்க மூளையும் மந்தமாகிவிடும். அப்புறம் பஜ்ஜியைப் பார்த்து எப்படி வேண்டாம் என்பது?

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2022-இல் வெளியானது. எடை கூடிய, இரவில் ஆறரை மணி நேரம்கூடத் தூங்காத 80 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவினரை மட்டும் கூடுதலாகத் தூங்க வைத்தார்கள். சராசரியாக 1.2 மணி நேரம் கூடியது. உணவுக் கட்டுப்பாடு எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் மற்றவர்களைவிட அவர்கள் நாளுக்குச் சுமார் 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். கிட்டத்தட்ட இரண்டு தோசை!

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டு, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் படுங்கள். மாலை காபியை விடுவது எனக்குக் கஷ்டம்தான், ஆனால் மூன்று மணிக்கு மேல் வேண்டாம். சத்தமாகக் குறட்டை விட்டு, பகலிலும் தூங்கி வழிபவர்கள் மட்டும் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அது தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறாக இருக்கலாம்.