பிளாக்செயின்களின் டெவலப்பர் எண்ணிக்கையை ஒப்பிடும்போது

கமிட் (கோடில் செய்த மாற்றத்தின் ஒரு பதிவு) எண்ணிக்கையை வைத்து எந்தச் செயின் சுறுசுறுப்பானது என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு குழு பத்து கமிட்களை ஸ்குவாஷ் செய்து ஒன்றாகச் சேர்க்கும், இன்னொன்று அப்படியே விடும். ஆட்களை எண்ணுங்கள்: ஒரே 28 நாள் காலத்தில் ஒருமுறையாவது கோட் சேர்த்தவர்கள் தனி, 10 நாட்களுக்கு மேல் சேர்த்தவர்கள் தனி. இரண்டாவது எண்தான் பேசும்.

பெரிய பொறி ஃபோர்க், அதாவது வேறொரு திட்டத்தின் கோடை நகலெடுத்துத் தனியாகத் தொடர்வது. பிஎன்பி ஸ்மார்ட் செயினின் கிளையண்டும் (செயினை இயக்கும் மென்பொருள்) பாலிகானின் ‘போர்’ (Bor) கிளையண்டும் எத்தீரியத்தின் கெத் (Geth) கிளையண்டிலிருந்து பிரிந்தவை. கெத்தில் எழுதியவர்களின் வரலாறும் கூடவே வரும். கெத் ரெப்போவை (கோட் களஞ்சியம்) கிட்டில் அப்ஸ்ட்ரீம் ரிமோட்டாக, அதாவது மூல ரெப்போவாகச் சேர்த்து ஃபெட்ச் செய்து (பதிவிறக்கி), அதில் இல்லாத கமிட்களை மட்டும் எடுங்கள். கெத்திலிருந்து செர்ரி-பிக் செய்தவை (தனித்தனியாக எடுத்துச் சேர்த்த கமிட்கள்) ஹாஷ் (கமிட்டின் அடையாளக் குறி) மாறியிருப்பதால் அப்போதும் நழுவி வரும். எழுதியவர் பெயரையும் தேதியையும் வைத்துப் பிடிக்கலாம்.

மெர்ஜ் கமிட்கள் (இரு கிளைகளை இணைப்பவை), டிபெண்டபாட் போன்ற பாட்கள் (தானியங்கி நிரல்கள்) எண்ணிக்கையில் வேண்டாம். இரண்டு மின்னஞ்சலில் எழுதும் ஒருவரை மெயில்மேப் கோப்பில் (.mailmap) ஒரே ஆளாக இணைத்துவிடுங்கள்.

ரெப்போ இடம் மாறியதா என்றும் பாருங்கள். சொலானாவின் வேலிடேட்டர் (பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் மென்பொருள்) பணி 2024-இல் ஆன்சா நிறுவனத்தின் அகாவே ரெப்போவுக்குப் போனது. பழையதை மட்டும் பார்த்தால் சொலானாவே முடங்கியதாகத் தோன்றும்.