கரையொதுங்கிய ஆமையை எப்படிப் பதிவு செய்வது: பெயர், நிலை, சட்டம்

ஜனவரி முதல் மார்ச் வரை கடலூரின் தேவனாம்பட்டினம், தாழங்குடா கரைகளிலும் புதுச்சேரியின் நரம்பை, மூர்த்திக்குப்பம் பக்கமும் நடப்பவர்கள் கண்ணில் கடலாமை படும். பல நேரம் அது வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்து ஒதுங்கியதாக இருக்கும். “அழிந்துவரும் அரியவகை ஆமை” என்று குறித்துவைத்தால் யாருக்கும் பயனில்லை. எந்தச் சிற்றினம், உலக அளவில் அதன் நிலை என்ன, நம் சட்டத்தில் எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

சிற்றினத்தை ஓடே சொல்லும். முதுகின் நடுவரிசைக்கு இருபுறமும் உள்ள பக்கத் தகடுகளை எண்ணுங்கள். ஒரு புறத்துக்கு ஆறு முதல் எட்டு இருந்து, இடமும் வலமும் ஒத்துப்போகாமலும் இருந்தால் பங்குனி ஆமை. ஐந்தே என்றால் அவசரப்படாதீர்கள், பெருந்தலை ஆமைக்கும் ஐந்துதான். அப்போது அடிவயிற்று ஓடும் மேலோட்டின் விளிம்பும் இணையும் இடத்துத் தகடுகளைப் பாருங்கள்: நான்கு இருந்து ஒவ்வொன்றிலும் சிறு துளை தெரிந்தால் பங்குனி ஆமை. பக்கத் தகடு நான்கு என்றால் கண்களுக்கு இடையிலுள்ள செதில்களைப் பார்க்க வேண்டும். ஒரு ஜோடி என்றால் பேராமை, இரண்டு ஜோடி என்றால் அழுங்காமை. நீளத்தை, கழுத்துப் பக்க விளிம்பின் நடுவிலிருந்து பின்நுனி வரை நாடாவை வளைவோடு படியவிட்டு அளக்கவும். ஓட்டில் கொட்டலசு என்னும் சிறு கடலுயிர் ஒட்டியிருந்தால் நாடா மேலேறி அளவு கூடிவிடும். நேர் மேலிருந்து ஒரு படம், தலையைப் பக்கவாட்டில் ஒரு படம் போதும்.

பங்குனி ஆமையின் அறிவியல் பெயர் லெபிடோசெலிஸ் ஒலிவேசியா. முதற்சொல் பேரினம், இரண்டும் சேர்ந்தால்தான் சிற்றினம். இரண்டாவது சொல்லை மட்டும் எழுதினால் அது எதையும் குறிக்காது. ரோமன் எழுத்தில் எழுதும்போது பேரினத்தின் முதலெழுத்து மட்டும் பெரியது. அச்சில் சாய்வெழுத்து, கையெழுத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தனி அடிக்கோடு. மேலே போனால் செலோனிடே குடும்பம், டெஸ்டுடைன்ஸ் வரிசை, ஊர்வன வகுப்பு, முதுகுநாணிகள் தொகுதி, விலங்குலகம். விலங்குக் குடும்பப் பெயர் ‘இடே’ என்றும், தாவரக் குடும்பப் பெயர் ‘ஏசி’ என்றும் முடியும்.

எல்லாக் கூட்டப் பெயரும் வகைப்பாடு ஆகாது. பிச்சாவரத்தில் சுரபுன்னையும் தில்லையும் ஒரே சேற்றில் நின்றாலும் முன்னது ரைசோபோரேசி, பின்னது யூபோர்பியேசி. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் அலையாத்தி என்பது வாழும் முறைக்கான பெயர். அங்கேயே சுரபுன்னையின் இரு சிற்றினங்கள் இயற்கையாகக் கலந்து உருவான ரைசோபோரா × அன்னமலயானாவும் உண்டு, பெயர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை ஒட்டி வந்தது. கலப்பினம் என்பதற்கான × குறியை விட்டுவிடக் கூடாது.

அடுத்தது நிலை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம் ஆகிய மூன்று படிகள் மட்டுமே அச்சுறுத்தலுக்கு உள்ளானவை. பங்குனி ஆமை முதற்படியில், அழுங்காமை மூன்றாம் படியில். நிலையோடு ஆண்டையும் எழுதுங்கள். அருகிய இனமாக இருந்த பேராமை 2025 இல் கவலை குறைந்த இனமாக மாற்றப்பட்டது; பழைய கையேடுகள் இன்னும் முந்தைய நிலையையே சொல்கின்றன.

சட்டம் வேறு கணக்கு. உலக அளவில் மயிலுக்குக் கவலையில்லை, ஆனால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணை. கடலாமைகளும் அதே அட்டவணைதான், ஆகவே செத்த ஆமையின் ஓட்டையோ முட்டையையோ வீட்டுக்கு எடுத்துப்போனாலும் குற்றம், வனத்துறைக்குச் சொல்வதே சரி. 2022 திருத்தத்துக்குப் பிறகு அட்டவணைகள் ஆறிலிருந்து நான்காகிவிட்டன, பழைய எண்களை நம்பி எழுதாதீர்கள்.

இடங்களுக்கும் இதே கவனம் வேண்டும். ஊசுட்டேரி 2008 இல் புதுச்சேரி அரசு அறிவித்த பறவைகள் சரணாலயம், அந்த அறிவிப்பு 1972 சட்டப்படி வருவது. பிச்சாவரம் 2022 இல் பெற்ற ராம்சர் தகுதி ஈரநிலங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையால் வந்தது. ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.