மருந்து மாறிப்போனால் என்ன செய்வது? புதிய செவிலியர்களுக்கான செய்முறை

மருந்து மாறிவிட்டது என்று தெரிந்த நொடியில் புதிதாகப் பணியில் சேர்ந்த செவிலியரின் மனத்தில் முதலில் எழும் கேள்வி, "என் வேலை போய்விடுமா?" என்பதுதான். இந்தப் பயம் இயல்பானது. ஆனால் அதற்கு அப்போதே இடம் கொடுத்தால், நோயாளிக்குத் தேவையான நிமிடங்கள் கழிந்துபோகும். சென்னையில் பெரிய மருத்துவமனையில் இருந்தாலும் தெருமுனை நர்சிங் ஹோமில் இருந்தாலும் வரிசை இதுதான்: நோயாளி, மருத்துவர், எழுத்து. உங்கள் வேலையைப் பற்றிய கவலை அதற்குப் பிறகு.

படி 1: மருந்தை நிறுத்தி நோயாளியைப் பாருங்கள்

டிரிப்பில் ஓடிக்கொண்டிருந்தால் உடனே மூடுங்கள். கையில் செருகியிருக்கும் ஊசிக்குழாயை (வென்ஃப்ளான்) பிடுங்காதீர்கள், மாற்று மருந்து போக அந்த வழி வேண்டும். குழாயில் மிச்சமிருக்கும் மருந்தை உள்ளே தள்ளிவிடாமல் ஐ.வி. செட்டை மாற்றுங்கள். பல்ஸ், பி.பி., மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, நினைவு ஆகியவற்றைப் பார்த்து நேரத்தோடு குறியுங்கள். காலி ஆம்பூலையும் சிரிஞ்சையும் குப்பையில் போடாதீர்கள். எது, எவ்வளவு உள்ளே போனது என்பதற்கு அவைதான் சாட்சி.

வார்டில் நான் மிகவும் அஞ்சும் மருந்து இன்சுலின். நம் நாட்டில் 1 மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலும் (மருந்துக் குப்பி) 100 யூனிட் உள்ள வயலும் புழக்கத்தில் இருக்கின்றன. 40க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்கானது ஆரஞ்சு. 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை எடுத்தால், நோயாளிக்குப் போவது 50 யூனிட். மாறாக, 40 யூனிட் வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை எடுத்தால் 8 யூனிட்தான் போகும். அளவு கூடிவிட்டால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, நோயாளி விழிப்போடு விழுங்க முடிந்தால், 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. மருத்துவர் உத்தரவோடு நரம்பு வழியே டெக்ஸ்ட்ரோஸ் போக வேண்டும். கிளார்ஜின் போன்ற நீண்ட நேர இன்சுலினில் சர்க்கரை பல மணி நேரம் கழித்தும் இறங்கும். முதலில் பார்த்த சர்க்கரை அளவு சரியாக இருக்கிறதே என்று கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள்.

படி 2: முழுதாகச் சொல்லுங்கள்

டியூட்டி டாக்டரை அழையுங்கள். "டாக்டர், ஒரு சின்ன சந்தேகம்" என்று தொடங்க வேண்டாம். இப்படிச் சொல்லுங்கள்: "டாக்டர், 12ஆம் படுக்கை. காலை 7.10க்கு இன்சுலின் 20 யூனிட்டுக்குப் பதில் 50 யூனிட் போட்டுவிட்டேன். இப்போது சர்க்கரை 96, நினைவு தெளிவாக இருக்கிறது. உடனே வாருங்கள்." அடுத்து இன்சார்ஜ் சிஸ்டரிடமும் இதையே சொல்லுங்கள். மருத்துவர் போனை எடுக்கவில்லை என்றால் அவருக்கு மேலிருப்பவரை அழையுங்கள், காத்திருக்காதீர்கள்.

மறைப்பது ஏன் ஆபத்து என்பதை மருந்துகளே சொல்லும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் அதிகமானால், அதை முறிக்கப் புரோட்டமின் இருக்கிறது. மார்ஃபினுக்கு நலாக்சோன் இருக்கிறது. மக்னீசியம் சல்பேட்டுக்குக் கால்சியம் குளுக்கோனேட் இருக்கிறது. உள்ளே போனது என்ன என்று மருத்துவருக்குத் தெரிந்தால்தான் இவற்றில் எதையும் கையில் எடுக்க முடியும்.

"என்ன சிஸ்டர், ஏன் எல்லோரும் ஓடுகிறீர்கள்?" என்று உறவினர் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "அம்மாவைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம், டாக்டர் வந்து உங்களிடம் விளக்குவார்" என்பது போதும். மருத்துவரும் இன்சார்ஜும் அவர்களிடம் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். அது குடும்பத்தின் உரிமை.

படி 3: எழுதுங்கள்

கேஸ் ஷீட்டில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: கொடுத்த மருந்து, அளவு, வழி, நேரம், நோயாளியின் நிலை, யாருக்கு எப்போது தெரிவித்தீர்கள், என்ன உத்தரவு வந்தது, என்ன செய்தீர்கள். யார் மீது தவறு என்ற வாதம் அங்கே வேண்டாம். பிழையாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோட்டால் அடித்து, தேதி, நேரம், கையெழுத்து இடுங்கள். ஒயிட்னர் தடவுவதும் தாளைக் கிழிப்பதும் முன்தேதி போடுவதும் ஒரு பிழையை மோசடியாக்கிவிடும்.

பிறகு சம்பவ அறிக்கைப் படிவம். மருத்துவமனைகளின் தரத்துக்குச் சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் இதற்கான முறை கட்டாயம் உண்டு. நோயாளியை எட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்த தவறுகளையும் இதில் எழுதுங்கள். கேஸ் ஷீட்டைப் படமெடுத்துத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பாதீர்கள்.

சரியான மருந்தைச் சரியாகக் கொடுத்தும் உடல் ஏற்காமல் போனால், அது உங்கள் பிழை அல்ல. அதைத் தெரிவிக்க மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024.

அன்றிரவே உங்களுக்கென்று ஒரு குறிப்பும் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை நோயாளிகள் உங்கள் பொறுப்பில் இருந்தார்கள், உத்தரவு வாய்மொழியாக வந்ததா, கையெழுத்து புரிந்ததா என்பவை சில நாட்களில் மங்கிவிடும். நோயாளியின் பெயர் அதில் வேண்டாம்.

படி 4: மெமோ வந்தால்

நடந்ததற்கு விளக்கம் கேட்டு நிர்வாகம் தரும் மெமோவை வாங்க மறுக்காதீர்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்திடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. ஆனால் வெற்றுத்தாளிலோ, வேறொருவர் எழுதிய வாக்குமூலத்திலோ, அன்றிரவே நீட்டப்படும் ராஜினாமா கடிதத்திலோ கையெழுத்திடாதீர்கள். பதில் தர அவகாசம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

பதிலில் செய்ததைச் செய்தேன் என்றே எழுதுங்கள். அதன்பின் நோயாளிக்காக என்னென்ன செய்தீர்கள், எத்தனை நிமிடத்தில் தெரிவித்தீர்கள் என்பதையும், அன்றைய பணிச்சுமையையும் சேருங்கள். நகலில் பெறுகை முத்திரை வாங்குங்கள். விசாரணை வைத்தால் குற்றச்சாட்டை எழுத்தில் பெறவும், ஆவணங்களைப் பார்க்கவும், சாட்சிகளிடம் கேள்வி கேட்கவும் வாய்ப்புக் கேளுங்கள். அது இயற்கை நீதி. அரசுப் பணியில் நிரந்தரமாக இருப்பவர்கள் மீதான நடவடிக்கை, தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கும் மேல்முறையீடும்) விதிகளின்படி நடக்கும். சிறிய தண்டனைகளுக்கு விதி 17(அ), பணிநீக்கம் போன்ற பெரியவற்றுக்கு விதி 17(ஆ). உங்கள் மெமோவில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

"உன் ரிஜிஸ்ட்ரேஷனையே ரத்து செய்துவிடுவேன்" என்று யாராவது மிரட்டினால் கலங்காதீர்கள். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் சாந்தோமில் உள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்துக்கு உரியது, மருத்துவமனை நிர்வாகத்துக்கு அல்ல. தானாக முன்வந்து சொன்னவரைத் தண்டிக்கும் நிர்வாகிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அடுத்த முறை உங்கள் வார்டில் தவறு நடக்கும்போது யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், நோயாளிதான் விலை கொடுப்பார்.

படி 5: அடுத்த டியூட்டி

இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றை இன்னொரு சிஸ்டர் சரிபார்த்த பிறகே கொடுப்பேன் என்று இன்சார்ஜிடம் சொல்லி, அதற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேரடியாக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். மருந்து எடுக்கும்போது யார் கூப்பிட்டாலும் "இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, எடுத்து முடித்த பிறகு திரும்புங்கள். விடுதி அறையில் தூக்கம் வராமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (மனநல உதவி) எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.