பூசாரி கேரக்டருக்கு ஊரில் என்ன வேலை கொடுப்பது?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகக் கதை பேசி, டைஸ் உருட்டி ஆடும் ஆட்டம். 1974-ல் வந்த அதன் முதல் விதிகளின்படி முதல் லெவல் கிளெரிக்குக்கு, அதாவது ஆரம்ப நிலைப் பூசாரிக்கு, ஒரு ஸ்பெல்கூட, ஒரு மந்திரம்கூடக் கிடையாது. கதாயுதம் உண்டு, கவசம் உண்டு, எழுந்து நடமாடும் பிணங்களை விரட்டத் தெரியும். அவ்வளவுதான். 2014-ன் ஐந்தாம் பதிப்பில் அதே ஆள் முதல் நாளே காயம் ஆற்றுகிறார். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வசதியால் பல டேபிள்களில், அதாவது ஆடும் குழுக்களில், கிளெரிக் கால் முளைத்த மருந்துப் பெட்டியாகிவிட்டார். சண்டை நடந்தால் எல்லோருக்கும் அவர் நினைப்பு வரும். பார்ட்டி, அதாவது சாகசக் கூட்டம், ஊருக்குள் நுழைந்துவிட்டால் திருடனுக்கு வேலை இருக்கும், பாடகனுக்குச் சாராயக்கடை இருக்கும், சாமிக்கு நேர்ந்துகொண்டவர் மட்டும் சத்திரத்துத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பார்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர் ஒன்றில் இது நடக்கிற காரியமா? ஊர்ப் பூசாரி அங்கே எந்நேரமும் யாருக்காவது தேவைப்படுகிற ஆள். குழந்தை பயந்துகொண்டால் திருநீறு போட, பெண் கொடுக்கலாமா என்று பூ கேட்க, பண்டிகைக்கு நாள் குறிக்க, வரப்புச் சண்டையில் சத்தியம் வாங்க, கோயில் வரியைக் கணக்குப் பார்க்க. இதில் ஒன்றுகூடச் சண்டை இல்லை. அத்தனையும் கதை.

எனவே கேரக்டர் ஷீட்டை நிரப்பும்போது ‘என் சாமி யார்’ என்பதோடு நிறுத்தாமல், ‘ஊர் என்னிடம் எதற்காக வருகிறது’ என்றும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மழைச் சாமியின் பூசாரி என்றால் ஏரி மதகு எப்போது திறக்கும் என்று கேட்க வருவார்கள். எல்லைச் சாமியின் பூசாரி என்றால் காணாமல்போன மாட்டுக்காக வருவார்கள். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் பத்துப் பக்கப் புராணம் எழுதினாலும் ஆட்டத்தில் பயன்படாது.

அடுத்தது ஜிஎம்முடைய, அதாவது ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருடைய வேலை. பார்ட்டி ஊரில் தங்கும் ஒவ்வொரு செஷனுக்கும் (ஒரு தடவை உட்கார்ந்து ஆடுவது) முன்னால் மூன்று சின்ன அட்டைகள் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் யார் வருகிறார், என்ன கேட்கிறார், மறுத்தால் என்ன ஆகும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவதை எழுதாமல் விட்டால் அந்த அட்டை வெறும் அலங்காரம். மாதிரிக்கு ஒன்று, நடுகல்பட்டி என்ற கற்பனை ஊரிலிருந்து:

“ஏம்பா பூசாரி, பேரன் மூணு நாளா சோறு திங்கல. ராத்திரியில திடுக்குனு எந்திரிச்சு அழறான். மந்திரிச்சு ஒரு கயிறு கட்டுப்பா.”

இங்கே விளையாடுபவர் டைஸை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: “ஆத்தா, பையன் கடைசியா எங்க வெளையாடப் போனான்?” அந்தப் பதிலில்தான் அன்றைய சாகசம் ஒளிந்திருக்கிறது. பாழுங்கிணற்றுப் பக்கம் போனான் என்றால் பார்ட்டிக்கு வேலை வந்துவிட்டது. மறுத்தால்? கிழவி பக்கத்து ஊர்க் குறிகாரனிடம் போவாள். அவன் யாரையாவது கைகாட்டி ‘இவள்தான் வைத்தாள்’ என்பான். மறுப்புக்கு விலை இருக்கிறது.

ஸ்பெல்களில் சடங்காகச் செய்யக்கூடியவையே ஊர் வேலைக்கு ஏற்றவை. ஐந்தாம் பதிப்பில் சடங்குக் குறி உள்ள ஸ்பெல்லைக் கூடுதலாகப் பத்து நிமிடம் எடுத்துச் செய்தால் ஸ்லாட் (ஒரு நாளில் ஸ்பெல் போடக் கிடைக்கும் வாய்ப்பு) செலவாகாது. அன்றைக்குத் தயார் செய்த பட்டியலில் அது இருந்தால் போதும். உணவையும் நீரையும் சுத்தமாக்குவது, விஷத்தையும் நோயையும் கண்டறிவது, பிணம் கெடாமல் காப்பது, குறி கேட்பது எல்லாம் இந்த வகை. அந்தப் பத்து நிமிடத்தை ‘சரி, பத்து நிமிஷம் ஆச்சு’ என்று தாண்டிவிடாதீர்கள். கிளெரிக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது சுற்றி நிற்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள்? ஊர் வம்பு முழுக்க அந்த நேரத்தில்தான் காதில் விழும். பார்ட்டியில் மற்றவர்கள் துப்பு சேகரிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

2017-ல் இதே பதிப்புக்கு வந்த துணை விதிகளில் கல்யாணம், ஈமச்சடங்கு போன்றவற்றுக்கே ஒரு சடங்கு ஸ்பெல் உண்டு. ஒவ்வொரு முறையும் 25 பொற்காசுக்கு வெள்ளிப்பொடி கரையும். ஈமச்சடங்கு செய்த உடல் ஏழு நாளுக்குப் பிணப்பேயாக எழாது. கல்யாணம் செய்துகொண்ட ஜோடி ஏழு நாளுக்கு 30 அடிக்குள் சேர்ந்தே இருந்தால் இருவருக்கும் ஏசி (அடி விழாமல் காக்கும் எண்) 2 கூடும். புது மாப்பிள்ளையை மாமியார் வீட்டை விட்டு நகரவிடாமல் வைக்கும் வழக்கத்துக்கு இப்படியொரு விதி விளக்கம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்!

ஊர் வேலை கொடுக்கும்போது அடிக்கடி தப்புகிற இடம், ஸ்பெல்லால் பிரச்சினையே காணாமல் போய்விடுமே என்ற பயம். ஊரில் பஞ்சம் என்கிறார் ஜிஎம், கிளெரிக் ‘தண்ணீர் வரவழைக்கிறேன்’ என்கிறார். ஜிஎம் திணறிப்போய் ‘சாபம், வேலை செய்யாது’ என்று அடைத்துவிடுவார். அது அழுகுணி ஆட்டம். கணக்குப் போட்டாலே போதும். தண்ணீர் உண்டாக்கும் முதல் லெவல் ஸ்பெல் தருவது 10 கேலன், அதாவது ஏறக்குறைய 38 லிட்டர். முதல் லெவல் கிளெரிக்கிடம் இரண்டு ஸ்லாட். ஆக ஒரு நாளைக்கு 76 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் ஐந்து குடம். நடுகல்பட்டியில் 60 தலைக்கட்டு. அந்த ஐந்து குடம் யார் வீட்டுக்கு? பிள்ளை பெற்றவளுக்கா, மாட்டுக்கா, நாற்றங்காலுக்கா? குழாயடி வரிசையைப் பார்த்து வளர்ந்த டேபிளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கிளெரிக் ஐந்தாம் லெவலுக்கு வந்தால் உணவும் நீரும் வரவழைக்கும் ஸ்பெல் கிடைக்கும்; ஸ்பெல்களுக்குத் தனி லெவல் உண்டு, இது மூன்றாம் லெவல். 45 பவுண்டு உணவும் 30 கேலன் தண்ணீரும் வரும். பதினைந்து பேருக்கு ஒரு நாள் தாங்கும். மூன்றாம் லெவல் ஸ்லாட் இரண்டுதான் என்பதால் முப்பது பேர். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் நடுகல்பட்டியில் 240 பேர். எட்டில் ஒரு பங்கு. அந்த உணவு சப்பென்று இருக்கும், ஒரு நாளில் கெட்டுவிடும் என்றும் விதியிலேயே இருக்கிறது. கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் தின்று பழகியவர்கள் முகத்தைச் சுளிக்கட்டும். பூசாரிக்கு அதுவும் ஒரு காட்சி. அதோடு, சோறு போடுகிற நாளில் அந்த இரண்டு ஸ்லாட்டும் காலி. மலையிலிருந்து கொள்ளைக்காரர்கள் இறங்கி வருவது அன்றைக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறி கேட்கும் ஸ்பெல்லை ஊர் வழக்கத்தோடு சேர்த்துவிட்டால் பிரமாதமாக வரும். விதிப்படி 25 பொற்காசு மதிப்புள்ள குறிக்குச்சிகள் வேண்டும். அதற்குப் பதில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு சிறு குழந்தையை எடுக்கச் சொல்லுங்கள். ஸ்பெல் தரும் பதில் நான்கு: நல்லது, கெட்டது, இரண்டும் கலந்தது, எதுவுமில்லை. எனவே நான்கு பொட்டலம்: வெள்ளை, சிவப்பு, இரண்டும் சேர்ந்தது, வெறும் இலை. அடுத்த 30 நிமிடத்தில் செய்யப்போகும் காரியத்துக்கு மட்டுமே பதில் செல்லும் என்பதை மறக்க வேண்டாம். ‘அடுத்த வருஷம் மழை வருமா’ என்று கேட்டால் வெறும் இலைதான். ஒரே நாளில் மறுபடி மறுபடி கேட்டால், முதல் தடவைக்கு அப்புறம் ஒவ்வொன்றுக்கும் 25 சதவீதமாகக் குருட்டாம்போக்கான பதிலின் வாய்ப்பு ஏறும். மனசுக்குப் பிடித்த பூ வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று ஊரில் சொல்வதும் இதைத்தானே?

சத்தியம் வாங்குவதும் அப்படியே. உண்மை வட்டம் போடும் இரண்டாம் லெவல் ஸ்பெல் 15 அடி ஆரத்தில் பத்து நிமிடம் நிற்கும். அதற்குள் இருப்பவர் டைஸ் உருட்டித் தப்பிக்கப் பார்க்கலாம்; சிக்கினால் தெரிந்து பொய் சொல்ல முடியாது, ஆனால் வாயை மூடிக்கொள்ளலாம், சுற்றி வளைத்தும் பேசலாம். யார் தப்பித்தார், யார் சிக்கினார் என்பது பூசாரிக்கு மட்டும் தெரியும். பஞ்சாயத்து கூடிய ஆலமரத்தடியில் அந்த ரகசியம் பூசாரியின் தலைமேல் பாரமாக உட்காரும். சிக்காதவர் ஊரின் பெரிய தலை என்றால் என்ன செய்வார்?

ஒரு பண்டிகையை முழு செஷனாக நடத்தலாம். வரவு செலவை விளையாடுபவர் கையிலேயே கொடுங்கள். தலைக்கட்டுக்கு 2 வெள்ளி வரி, 60 வீட்டுக்கு 120 வரவேண்டும். ஏழு வீடு கொடுக்கவில்லை, கையில் 106. பம்பைக்கும் கூத்துக்கும் 45, கிடாவுக்கு 20, விளக்கெண்ணெய்க்கு 18, பூ மஞ்சள் கற்பூரத்துக்கு 15, கூழுக்குக் கேழ்வரகு 12. மொத்தம் 110. நான்கு வெள்ளி துண்டு விழுகிறது. கூத்தை ஒரு இரவு குறைப்பதா, எண்ணெயைக் குறைப்பதா, கொடுக்காத ஏழு வீட்டில் ஒருவரிடம் போய் நிற்பதா? அந்த வீட்டுக்காரர் ‘போன வருஷம் எனக்கு மரியாதை செய்யல, எதுக்கு வரி’ என்றால்? டிராகன் குகையைவிடக் கஷ்டமான பேரம் இது. ஆனால் கணக்கு பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் மற்றவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். ஆளுக்கொரு வேலை கொடுத்துவிடுங்கள்: பாடகன் பம்பைக்காரர்களோடு, போர்வீரன் மாவிளக்கு ஊர்வலத்துக்குக் கூட்டம் ஒதுக்க, திருடன் உண்டியல் காவலுக்கு. கடைசியதைச் சொன்னதும் டேபிள் தானாகக் கலகலக்கும்.

ஆண்டு வட்டம் வேண்டும் என்றால் இந்த வட்டாரமே கையில் கொடுக்கிறது. தையில் எருது விடும் விழா. மாசியில் சிவராத்திரியை ஒட்டிக் காவேரிப்பட்டினத்து மயானக்கொள்ளை. கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாகப் போய், படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் படுத்துக்கிடக்க, தீமிதியில் முடியும் பாரதம். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் நீராட்டு. பெயர்களை மாற்றி உங்கள் உலகத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் குறித்தால் ஒரு வருடக் கேம்பெயினுக்கு, அதாவது தொடர் ஆட்டத்துக்கு, தாராளம். பன்னிரண்டு எழுதி வைத்தால் ஒன்றும் நினைவில் நிற்காது. மலைமேல் தர்காவில் தாயத்து கட்டுபவரும், தேவாலயத்துச் சாமியாரும் உங்கள் ஊரில் இருக்கட்டும். நேர்த்திக்கடன் வைப்பவர்கள் எல்லா வாசலிலும்தான் நிற்பார்கள்.

இவ்வளவு வேலையையும் விட்டுவிட்டு பூசாரி எப்படிச் சாகசத்துக்குப் போவார்? நியாயமான கேள்வி. காப்பு கட்டிவிட்டால் பண்டிகை முடியும்வரை எல்லை தாண்டக்கூடாது. அதற்கும் ஊரிலேயே வழி இருக்கிறது: முறை. பங்காளிகள் ஆளுக்கொரு வருடம் பூசை செய்வார்கள். இந்த வருடம் சித்தப்பா முறை, உங்கள் கேரக்டருக்கு விடுமுறை. ஆனால் சித்தப்பா படுத்துவிட்டால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள், பாதாள அறை வாசலில் நின்றாலும் சரி.

பார்ட்டியில் ஒருவர் செத்தால் பூசாரிக்கு அதைவிடப் பெரிய வேலை இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் ஏராளம். ஆநிரை மீட்கப்போய் விழுந்தவர்களுக்கு நட்டவை நிறைய. தருமபுரி அருங்காட்சியகத்தில் சிலவற்றைப் பார்க்கலாம். தொல்காப்பியம் கல் நடுவதை ஆறு நிலையாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. ஆறையும் ஆறு சின்னக் காட்சிகளாக்குங்கள். ஏற்ற கல்லைத் தேடிக் கண்டுபிடிப்பது மலையேற்றம். அதைக் கொண்டுவரத் தொடங்குவது வண்டி, ஆள், வழிச்சண்டை. நீராட்டுவதற்கு ஆறு அடுத்த ஊர் எல்லையில் இருக்கட்டும். நடும்போது கல்லில் என்ன எழுதுவது என்று பார்ட்டியே முடிவு செய்யட்டும்; இரண்டு வரிக்கு மேல் இடமில்லை என்று சொல்லிவிடுங்கள். படையலுக்கு யார் யார் வருகிறார்கள் என்பதில் பழைய பகை தெரியும். வாழ்த்தை அந்தக் கேரக்டரை ஆடியவரே பாடுவதோ பேசுவதோ நல்லது.

இதற்குள் உயிர்ப்பிக்கும் ஸ்பெல் குறுக்கே வரும். 500 பொற்காசு வைரம் வேண்டும், செத்துப் பத்து நாளுக்குள் செய்ய வேண்டும். பிணம் காக்கும் சடங்கைச் செய்துகொண்டே இருந்தால் அந்த நாட்கள் கணக்கில் வராது. கல்லா வைரமா என்ற பேச்சை நீர்ப்படைக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். கல் நட்டபின் ஆள் எழுந்து வந்தால் ஊர் அவரை மனிதராகப் பார்க்காது, சாமியாகக் கும்பிட ஆரம்பித்துவிடும். சில டேபிள்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்து, அடுத்த பத்து செஷனை அதிலேயே ஓட்டுவதும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. யார் கோயிலுக்குள் வரலாம், யாருக்கு முதல் மரியாதை என்பது நம் ஊர்களில் ஆறாத காயம். ஆட்டம் தொடங்கும் முன்பே, செஷன் ஜீரோவில், இதைத் தொடலாமா என்று எல்லோரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் உங்கள் உலகத்தில் அது இல்லை, அவ்வளவுதான். காரணம் கேட்க வேண்டாம். அருள் வந்து ஆடுவதையும் கேலியாக ஆடிக்காட்ட விடாதீர்கள். டேபிளில் ஒருவருடைய அத்தையோ மாமனோ ஆடுகிறவராக இருப்பார்.

சாமி பேசும் காட்சிகளையும் குறைத்துக்கொள்ளுங்கள். நான்கு செஷனுக்கு ஒரு முறை, ஒரு வாக்கியம். அதற்குமேல் பேசினால் பூசாரி தபால்காரராகிவிடுவார். பல்லி சத்தம், அணைந்த விளக்கு, தலையைச் சிலுப்பாத கிடா போன்றவை போதும். தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தும் கிடா சிலுப்பவில்லை என்றால், அடுத்து என்ன செய்வது என்று ஊரே பூசாரியைத் திரும்பிப் பார்க்கும். ஜிஎம் அப்போது வாயைத் திறக்கக்கூடாது.