எஃப்சிசிபி போட்டா சிக்னல் ஏறுதா? டிஎம்ஆர்எம் அளவைப் பாருங்க

எலி ஹார்ட்ல இருந்து பிரிச்ச கார்டியோமயோசைட்ல (இதயத் தசைச் செல்) மைட்டோகாண்ட்ரியா மெம்பரேன் பொடென்ஷியல் (சவ்வோட ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இருக்குற மின்னழுத்த வித்தியாசம்) பாக்குறவங்களுக்காக எழுதுறேன். எங்க லேப்ல ரொம்ப நாளா கைமாறி வந்த புரோட்டோகால்ல டிஎம்ஆர்எம் (அந்தப் பொடென்ஷியலுக்கு ஏத்த மாதிரி மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள சேர்ற ஒளிரும் சாயம்) 500 நானோமோலார் ஏத்திட்டு கழுவிடணும்னு இருந்துச்சு, அதுல எஃப்சிசிபி (அந்தப் பொடென்ஷியலைக் கலைச்சு விடுற மருந்து) போட்டா பொடென்ஷியல் விழுந்து சிக்னல் குறையணும்ல, ஆனா முதல்ல சட்டுனு ஏறுச்சு. காரணம் என்னன்னா சாயம் உள்ள அவ்ளோ நெருக்கமா சேர்ந்தா தன் ஒளியைத் தானே அணைச்சுக்கும், எஃப்சிசிபி போட்டதும் வெளிய கசிஞ்சு பரவும்போதுதான் பளிச்சுனு தெரியும். அதனால 20 நானோமோலாருக்கு இறக்கி, 45 நிமிஷம் விட்டு, கழுவாம அதே அளவு சாயத்தை வெளிக் கரைசல்லயும் வெச்சே படம் எடுத்தோம், இப்ப எஃப்சிசிபிக்கு ஒழுங்கா இறங்குது, ஆலிகோமைசினுக்கு (ஏடிபி உண்டாக்குற என்சைமைத் தடுத்து பொடென்ஷியலைக் கொஞ்சம் கூட்டுற மருந்து) கொஞ்சம் ஏறுது.

லேசரையும் நல்லா குறைங்க, ப்ளீஸ். இதயச் செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வரிசையா இருக்கு, வெளிச்சம் பட்டு ஒரு இடத்துல உண்டாகுற ஆர்ஓஎஸ் (எதோடயும் சட்டுனு வினைபுரியுற ஆக்சிஜன் மூலக்கூறுகள்) பக்கத்துல பரவி மொத்த செல்லோட மைட்டோகாண்ட்ரியாவையும் டீபோலரைஸ் பண்ணிடும் (பொடென்ஷியலை இறக்கிடும்), அதைப் போய் மருந்தோட விளைவுன்னு எடுத்துக்கிட்டா அநியாயம். மருந்தே போடாத செல்லை அதே லேசர்ல அதே நேரம் ஓடவிட்டு பாருங்க, சிக்னல் கோடு ஏறாம இறங்காம படுக்கையா இருந்தாதான் மத்த டேட்டாவைத் தொடணும்.